நம்மூர் காத்தைக் கேட்டுட்டு கிட்டார் வாங்கச் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

போன இதழ்ல கிட்டார் வாங்கறதப் பத்தி வந்த கட்டுரைய முழுசா படிச்சேன். புதுசா கத்துக்கற பசங்களுக்கு நெறைய விஷயம் சொல்லியிருந்தாங்க, ஆனா கடைசில வாங்குனா முழு மரத்துல செஞ்சதத்தான் வாங்கோணும், கார்பன் ஃபைபர்ல வர்றதெல்லாம் உசுரில்லாத பொருள்ங்கற மாதிரி முடிச்சிருந்தாங்க, அது எனக்கு மனசுக்கு ஒப்பலைங்க. நான் பொள்ளாச்சில கிட்டார் ரிப்பேர் பாக்கறவன். வால்பாறை எஸ்டேட்டுல இருந்தும் உடுமலை, தாராபுரம் பக்கமிருந்தும் ஒடஞ்சு, வெடிச்சு, வளைஞ்சு வர்ற கிட்டாருகள அன்னாடம் கையில வாங்கறவனுக்கு அந்த வரியப் படிச்சுட்டு பேசாம இருக்க முடியலைங்க.

நம்மூர் காத்து எப்படின்னு மொதல்ல பாக்கோணும். முழு மர கிட்டாருக்கு, அதாவது ப்ளைவுட் இல்லாம ஒரே பலகைல அறுத்து செஞ்சதுக்கு, காத்துல ஈரப்பதம் 45ல இருந்து 55 சதவீதத்துக்குள்ள இருக்கோணும்னு செய்யறவங்களே சொல்றாங்க. மாசி பங்குனி மத்தியானத்துல கோயமுத்தூர் பொள்ளாச்சி பக்கம் அது 30க்கு கீழயே போயிரும். ஈரோடு கரூர் பக்கம் சித்திரைல வெயில் 40 டிகிரியத் தொட்டுரும். அப்பறம் வைகாசி கடைசில பாலக்காட்டுக் கணவாய் வழியா காத்து வர ஆரம்பிச்சா ஆவணி வரைக்கும் விடாது, அந்தக் காத்த நம்பித்தான் உடுமலை பல்லடம் பக்கமெல்லாம் காத்தாலை நட்டு வெச்சிருக்காங்க. அதே மாசத்துல மேல வால்பாறைல மழை, சின்னக்கல்லாறுங்கறது தமிழ்நாட்டுலயே அதிகமா மழை பெய்யற எடங்கள்ல ஒண்ணு. பொள்ளாச்சிக்கும் வால்பாறைக்கும் நடுவுல 64 கிலோமீட்டரும் 40 கொண்டை ஊசி வளைவும்தான். எஸ்டேட் சர்ச்சுல வாசிக்கற பையன் லீவுக்கு கீழ வந்து ரெண்டு வாரம் தங்கிட்டுப் போனான்னா அவன் கிட்டாரு ரெண்டு உலகத்தப் பாத்துட்டுப் போகுது.

மரத்துக்கு என்ன ஆகுதுன்னா, ஈரத்த குடிச்சா அது அகலவாக்குல உப்பும், காஞ்சா அகலவாக்குல சுருங்கும், நீளவாக்குல கிட்டத்தட்ட அசையவே அசையாது. கிட்டாரோட மேல் பலகைக்கு உள்ளாற குறுக்குக் கட்டைகள் ஒட்டியிருக்கும், அது பலகைய இஷ்டத்துக்கு சுருங்க விடாது. ஒருபக்கம் பலகை சுருங்கப் பாக்குது, இன்னொருபக்கம் கட்டை புடிச்சு வெக்குது, கடைசில எழை ஓடற வாக்குலயே படக்குன்னு வெடிக்குது, பெரும்பாலும் பிரிட்ஜுக்கு கீழ, அதாவது ஸ்ட்ரிங்க புடிச்சு நிக்கற கட்டைக்கு கீழ. மாசில எங்கிட்ட வர்றதுல பாதி இந்த வெடிப்புதானுங்க. மீதிப் பாதி ஃப்ரெட்போர்டு, அதாவது விரல் வெச்சு அழுத்தற பலகை சுருங்கி, அதுல குறுக்க பதிச்சிருக்கற ஃப்ரெட் கம்பி சுருங்காம நிக்கறதால ஓரத்துல நுனி நீட்டிட்டு கையக் கிழிக்கற கேஸ். ஆடில இதுக்கு நேர் எதிரா வரும், பலகை உப்பி மேல தூக்கி, ஸ்ட்ரிங்குக்கும் ஃப்ரெட்போர்டுக்கும் நடுவுல எடைவெளி ஜாஸ்தியாகி, பத்து வயசுப் புள்ள அழுத்தி அழுத்தி விரல் கன்னிப்போய் இனி எனக்கு கிட்டாரே வேண்டாம்னு சொல்லிரும். புள்ளைக்கு வரலைன்னு பெத்தவங்க நெனைக்கறாங்க, புள்ள மேல ஒரு தப்பும் இல்லீங்க, பலகைதான் உப்பியிருக்குது. எனக்கு ரொம்ப மனசு கஷ்டமாகறது இதுலதான்.

இப்படிப்பட்ட எடத்துக்குத்தான் கார்பன் கிட்டார் தோதுப்படும். இது நேத்து மொளச்ச ஃபேஷன் இல்லீங்க. அமெரிக்கால ஹெலிகாப்டர் செஞ்ச சார்லஸ் கேமன் 1966லயே ஓவேஷன்னு கம்பெனி ஆரம்பிச்சு பின்பக்கம் கண்ணாடி ஃபைபர்ல கிண்ணம் மாதிரி செஞ்சாரு, அதே கம்பெனி 1976ல அடமாஸ்னு ஒரு மாடல்ல மேல் பலகையவே கார்பன்ல கொண்டு வந்துச்சு. அப்பறம் ஹவாய் தீவுல ஜான் டெக்கர்ங்கற இயற்பியல் விஞ்ஞானி அந்த ஊர் ஈரத்துக்கு மர கிட்டார் தாங்கலைன்னு முழுக்க முழுக்க கார்பன்ல செஞ்சதுதான் ரெயின்சாங். கார்பன் இழைத் துணிய எபாக்சி ரெசின்ங்கற கெட்டிப்படற பசைல முக்கி அச்சுல வெச்சு இறுக்கறாங்க, ஈரத்த குடிக்கறதுக்கு அதுல ஒண்ணும் இல்ல, அதனால உப்பறதும் இல்ல சுருங்கறதும் இல்ல. வால்பாறைல மாட்டி வெச்சாலும் தாராபுரத்துல மாட்டி வெச்சாலும் பலகை அப்படியே இருக்கும்.

அதுக்காக விளம்பரத்துல சொல்றதெல்லாம் நம்பீராதீங்க. சுதி எறங்கவே எறங்காதுன்னு சொல்றாங்க பாருங்க, அது சரியில்ல. பலகை அசையாதுதான், ஆனா மேல கட்டியிருக்கறது ஸ்டீல் ஸ்ட்ரிங், சூடு பட்டா நீளும், நீண்டா சுதி எறங்கும், கார்பனானாலும் மரமானாலும் வெயில்ல மேடை ஏறுனா ட்யூன் பண்ணித்தான் ஆகோணும். ஸ்ட்ரிங்கும் அத முறுக்கற ட்யூனரும் மழை ஈரத்துல துருப்புடிக்கும், உள்ளாற சத்தத்த ஸ்பீக்கருக்கு அனுப்பற பிக்கப்பும் பேட்டரியும் இருந்தா தண்ணி ஆகாது. கருப்பு நெறங்கறதால வெயில்ல சீக்கிரம் சூடேறும். காருக்குள்ள போட்டுட்டுப் போகலாமான்னு கேக்கறாங்க, வேண்டாமுங்க, மூடுன காருக்குள்ள நம்ம வெயில்ல 60 டிகிரிக்கு மேல போயிரும், மர கிட்டார்ல பசை எளகி பிரிட்ஜே பேந்துக்கிட்டு வரும், கார்பனுக்கும் அந்தச் சூடு நல்லதில்ல. அப்பறம் சில மாடல்ல நெக்குக்குள்ள, அதாவது கழுத்துக்குள்ள, வளைவ சரி பண்ற ட்ரஸ் ராடுங்கற கம்பி கிடையாது, ஸ்ட்ரிங்கோட எடைவெளி கூட்டறது கொறைக்கறதெல்லாம் பிரிட்ஜு மேல ஸ்ட்ரிங் உக்கார்ற சேடில்ங்கற துண்டுலதான் பண்ணோணும். கீழ விழுந்து ஒடஞ்சுதுன்னா மரத்துல வெடிப்ப ஒட்டி பட்டி வெச்சு நாங்களே சரி பண்ணிருவோம், கார்பன் பலகை ஒடஞ்சா நம்ம பக்கத்துல பாக்கறதுக்கு ஆள் கெடைக்கறது கஷ்டமுங்க.

இன்னொண்ணு கண்டிப்பா சொல்லோணும். ஒரு அப்பா வந்தாருங்க, பொண்ணுக்கு கார்பன் கிட்டார்னு ஒரு கடைல குடுத்துட்டாங்கன்னு சந்தோசமா எடுத்துட்டு வந்தாரு, பாத்தா ப்ளைவுட் மேல கார்பன் துணி டிசைன்ல ஸ்டிக்கர் ஒட்டி வார்னிஷ் அடிச்சது. அந்தப் பொண்ணு மொகத்தப் பாக்கவே முடியலைங்க. வாங்கறவங்க மேல் பலகைல இருக்கற சவுண்ட் ஹோல் ஓட்டைக்குள்ள நல்லா பாருங்க, உள் பக்கம் மரம் தெரிஞ்சா அது மரந்தான். பிளாஸ்டிக்குல கொஞ்சம் கார்பன் இழை கலந்து அச்சுல ஊத்தி எடுக்கறதும் வருது, அது வெல கம்மி, ஈரத்துக்கும் தாங்கும், தப்பான பொருளும் இல்ல, ஆனா துணி மேல துணியா அடுக்கி செய்யற கார்பன் கிட்டார் வேற, அதெல்லாம் வெல ரொம்ப ஜாஸ்தி. எதுக்கு காசு குடுக்கறோம்னு தெரிஞ்சு குடுக்கோணும்.

சத்தத்துக்கு வர்றேன். நல்ல ஸ்ப்ரூஸ் மரப் பலகை மேல போட்ட முழு மர கிட்டார, சரியான ஈரப்பதத்துல, அமைதியான ரூம்ல, விரல்ல வாசிச்சா அந்த கதகதப்பு கார்பன்ல வராது, அத நான் மறுக்கவே மாட்டேன். கார்பன் சத்தம் கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கும், ரொம்ப நேரம் நிக்கும், எல்லா ஸ்ட்ரிங்கும் ஒரே சீரா கேக்கும். ஆனா ஆடி மழைல ஊறிப்போன முழு மர கிட்டார் எப்படி கேக்கும்னு கட்டுரை எழுதுனவங்க கேட்டிருப்பாங்களான்னு தெரியலைங்க, பெட்டிக்குள்ள துணி அடச்சு வெச்ச மாதிரி மந்தமா கேக்கும். நம்மூர் பறை அடிக்கறவங்களப் பாருங்க, மழைக்காலத்துல தோல் எறங்கிப் போகுது, நெருப்பு போட்டு காச்சறதுக்கு எல்லா எடத்துலயும் முடியலைன்னு எத்தனையோ பேரு ஃபைபர் தோல் போட்டு அடிக்கறாங்க. தோல் பறைல வர்ற சத்தமே வேறதான், அது அடிக்கறவங்களுக்கே தெரியும், இருந்தாலும் தேரு அன்னிக்கு மழை தூறுனா ஃபைபர்தான் கை குடுக்குது. அவங்க வாசிப்ப உசுரில்லாததுன்னு ஆராச்சும் சொல்ல முடியுமாங்க?

மரத்து மேல எனக்கு கோவம் ஒண்ணும் கெடையாது. பிரேசில் ரோஸ்வுட் சரியா கெடைக்காமப் போனப்போ 1969ல அமெரிக்காவோட மார்ட்டின் கம்பெனி இந்திய ரோஸ்வுட்டுக்கு மாறுச்சு, அது நம்ம ஈட்டி மரம்தானுங்க, மேற்குத் தொடர்ச்சி மலைல வளர்ற மரம். உலகம் பூரா கிட்டாருக்கு முதுகுப் பலகை அதுலதான் நெறைய பண்றாங்க. ஆனா அது மெதுவா வளர்ற மரம், இன்னிக்கு அத வெட்டறதுக்கும் வெளிநாட்டுக்கு விக்கறதுக்கும் கட்டுப்பாடு இருக்குது, அது நல்லதுக்குத்தான்.

அதனால நான் ஆரு கேட்டாலும் சொல்றது இதுதான். மலைல இருக்கறவங்க, திருவிழா கல்யாணம்னு வெட்டவெளில வாசிக்கறவங்க, பஸ்சுல மேலயும் கீழயும் போயிட்டு இருக்கறவங்க, காசு தோதுப்பட்டா கார்பன் வாங்கலாம், அதுல கவுரவக் கொறைச்சல் ஒண்ணுமில்ல. காசு தோதுப்படலைன்னா லேமினேட், அதாவது ப்ளைவுட் மாதிரி அடுக்கு ஒட்டுன பலகைல வர்ற கிட்டார் வாங்குங்க, அடுக்கு குறுக்கும் நெடுக்கும் ஒட்டியிருக்கறதால அவ்வளவு சீக்கிரம் வெடிக்காது, கத்துக்கற புள்ளைக்கு தாராளமா போதும். ஏற்கனவே முழு மரம் வெச்சிருக்கறவங்க ஒரு சின்ன ஈரப்பதமானி வாங்கி பெட்டிக்குள்ள போட்டு வையுங்க, சில நூறு ரூபாதான். மாசி பங்குனில ஓட்டை போட்ட சோப்பு டப்பாக்குள்ள ஸ்பாஞ்ச நனச்சு நல்லா புழிஞ்சு வெச்சு பெட்டிய மூடிருங்க, தண்ணி சொட்டக்கூடாது. வால்பாறைக்காரங்க மழைக்கு சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்டு வையுங்க, அத அப்பப்போ காய வெச்சு எடுக்கோணும். வாசிக்காத நேரத்துல கிட்டார சுவத்துல மாட்டாம பெட்டிக்குள்ளயே வெச்சிருங்க.

உங்ககிட்ட ஒரே ஒரு வேண்டுகோள். மறுபடியும் கிட்டார் வாங்கறதப் பத்தி போட்டீங்கன்னா, எழுதறவங்கள எந்த ஊர்ல, எந்த மாசத்துல, எங்க வாசிக்கப் போறீங்கன்னு படிக்கறவங்கள கேக்கற மாதிரி ஆரம்பிக்கச் சொல்லுங்க. ஏசி ரூமுக்கு சரியா வர்ற யோசனைய நம்பி எஸ்டேட்டுல தேயில பறிச்சு சேத்த காசுல ஒரு குடும்பம் முழு மர கிட்டார் வாங்கி, அடுத்த மாசிலயே வெடிச்சுப்போய் எங்கிட்ட கொண்டு வரக்கூடாதுங்க.

இப்படிக்கு,
கிட்டார் ரிப்பேர் பாக்கற வாசகர் ஒருத்தர்,
பொள்ளாச்சி