48 மணி நேரத்துக்குப் பிறகு என்ன? தலைக்காயம் அடைந்தவர்களின் பிசியோதெரபிக்காக ஒரு கோரிக்கை மனு

அனுப்புநர்:
தலைக்காயத்திலிருந்து மீண்டு வரும் ஒருவரின் அக்கா,
தென் மாவட்டக் கிராமம் ஒன்றிலிருந்து.

பெறுநர்:
அரசுச் செயலாளர் அவர்கள்,
மக்கள் நல்வாழ்வு மற்றும் குடும்ப நலத் துறை,
தலைமைச் செயலகம், சென்னை 600009.

பொருள்: தலைக்காய நோயாளிகளுக்கு டிஸ்சார்ஜுக்குப் பிறகும் தொடர்ச்சியாக இயன்முறை சிகிச்சை கிடைக்க வழி செய்யக் கோருதல் - தொடர்பாக.

மதிப்பிற்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இதைத் திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் எங்கள் கலெக்டர் அலுவலகத்திலேயே கொடுத்திருக்கலாம். ஆனால் இது ஒரு மாவட்டத்தோடு முடிகிற விஷயம் இல்லை என்பதால் நேராக உங்களுக்கே எழுதுகிறேன், எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயும் போடுகிறேன்.

என் தம்பிக்கு 27 வயது, வெல்டிங் பட்டறையில் வேலை பார்த்தான். 11 மாதத்துக்கு முன்னால் ஒரு ராத்திரி வேலை முடிந்து வரும்போது நாய் குறுக்கே வந்து பைக்கோடு விழுந்தான். ஹெல்மெட் வண்டியில் மாட்டியிருந்தது, தலையில் இல்லை. அந்தத் தப்பை நாங்கள் மறைக்கவில்லை. 108 வண்டி சீக்கிரமே வந்தது. விடியற்காலை 3 மணிக்குள் ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோய்விட்டார்கள். மூளை வீங்கியிருந்ததால் மண்டையோட்டில் ஒரு பகுதியை எடுத்து வயிற்றுத் தோலுக்கு அடியில் வைத்துத் தைத்தார்கள். சீட்டில் ஜிசிஎஸ் (சுயநினைவு எவ்வளவு இருக்கிறது என்று அளக்கும் மதிப்பெண்) 7 என்று எழுதியிருந்தது. 15க்கு 7, எட்டும் அதற்குக் கீழும் வந்தால் கடுமையான காயம் என்று அப்புறம்தான் தெரிந்துகொண்டோம். 19 நாள் ஐசியுவில் இருந்தவனை எங்களிடம் உயிரோடு திருப்பிக் கொடுத்தார்கள், எங்களிடம் ஒரு பைசா வாங்கவில்லை. அந்த டாக்டர்களையும் நர்சுகளையும் எங்கள் அம்மா இன்றைக்கும் விளக்கேற்றும்போது நினைத்துக் கும்பிடுகிறார்.

சாலை விபத்தில் அடிபட்டவர்களுக்கு முதல் 48 மணி நேரம் இலவச சிகிச்சை தருவதற்காக 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கிய 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் எத்தனை உயிரைக் காப்பாற்றுகிறது என்பதை எங்களைவிட யார் சொல்ல முடியும்? நான் கேட்பது 48 மணி நேரத்துக்குப் பிறகு வருகிற நாட்களைப் பற்றி. மத்திய அரசு 2025 மே மாதம் கொண்டுவந்த விபத்து சிகிச்சைத் திட்டத்திலும் 7 நாள், ஒன்றரை லட்சம் ரூபாய் என்றுதான் கணக்கு. இரண்டு திட்டமும் உயிர் பிழைக்கும் நேரத்தைப் பார்த்துக்கொள்கின்றன. தலையில் அடிபட்டவன் எழுந்து உட்காரவும், நிற்கவும், சோற்றைக் கையில் எடுக்கவும் திரும்பக் கற்றுக்கொள்ள மாதக்கணக்கில் ஆகிறதே, அந்த மாதங்களை யார் பார்த்துக்கொள்வது?

எங்கள் டிஸ்சார்ஜ் சீட்டின் கடைசி வரியில் 'பிசியோதெரபி அட்வைஸ்டு' என்று இருந்தது. அவ்வளவுதான். எங்கே போவது, வாரத்துக்கு எத்தனை நாள், வீட்டில் நாங்கள் என்ன செய்யலாம், என்ன செய்யக் கூடாது என்று எதுவும் இல்லை. தொண்டையில் ஓட்டை, மூக்கில் குழாய், மண்டையில் எலும்பு இல்லாத மெத்தென்ற ஒரு பள்ளம், இதோடு ஒரு ஆம்புலன்சில் வீட்டுக்கு வந்து திண்ணையில் இறக்கினோம். அன்றைக்கு ராத்திரி அவனை எந்தப் பக்கம் திருப்பிப் படுக்க வைப்பது என்றுகூட எங்களுக்குத் தெரியாது. மண்டை எலும்பு இல்லாத பக்கம் அழுத்திவிடுமோ என்ற பயத்தில் அம்மா விடியும் வரை தலையைக் கையில் தாங்கிக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

முதல் இரண்டு மாதத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன், ஏனென்றால் என் மனுவே அந்த இரண்டு மாதத்தைப் பற்றியதுதான். வலது கை மெல்ல மெல்ல மடங்கி, விரல்கள் உள்ளங்கைக்குள் இறுகிப்போய், நகம் சதையில் குத்தி நாற்றம் அடிக்க ஆரம்பித்தது. அம்மா அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துச் சுருட்டி அந்தக் கைக்குள் திணித்து வைப்பார். வலது பாதம் கீழ்நோக்கி நீண்டுகொண்டு, நிறுத்தினால் குதிகால் தரையில் படாமல் நுனிக்காலில் நின்றது. ஊரில் ஆளாளுக்கு ஒன்று சொன்னார்கள். சூடாக எண்ணெய் போட்டு நன்றாக இழுத்துவிடு, நரம்பு விட்டுக்கொடுக்கும் என்றார் ஒருவர். நாங்களும் இழுத்தோம். தோள் மூட்டு நழுவி, தொட்டாலே அலறும் அளவுக்கு வலி வந்ததுதான் மிச்சம். பலம் இல்லாத தோளைக் கையைப் பிடித்து இழுத்துத் தூக்கவே கூடாது என்று மூன்றாவது மாதம் ஒரு பிசியோ சொல்லித்தான் தெரியும். அதை டிஸ்சார்ஜ் அன்றைக்கு 10 நிமிடம் ஒதுக்கி யாராவது சொல்லியிருந்தால் என் தம்பி அந்த வலியைப் பட்டிருக்க மாட்டான்.

அந்த பிசியோ 'மக்களைத் தேடி மருத்துவம்' வண்டியில் வந்தவர். 2021 ஆகஸ்டில் அந்தத் திட்டம் தொடங்கியபோது பிசியோவும் வீடு தேடி வரும் என்று செய்தியில் பார்த்திருந்தேன், ஆனால் நம் வீட்டுக்கும் அது வரும் என்று தோன்றவே இல்லை. கிராம சுகாதார செவிலியர்தான் பெயர் எழுதிக் கொடுத்தார். அந்த பிசியோ வந்த முதல் நாள், தம்பியைக் கட்டிலில் காலைத் தொங்கவிட்டு உட்கார வைத்து, இடுப்பில் ஒரு துண்டை இறுக்கிக் கட்டி, 'கையைப் பிடிக்காதீங்க, இந்தத் துண்டைப் பிடிச்சு எழுப்புங்க' என்று அம்மாவுக்குக் காட்டினார். தலையணையை எங்கே வைத்தால் தோள் தொங்காது, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை எப்படித் திருப்ப வேண்டும், பாதத்தைப் பலகையில் எப்படி நிறுத்தி வைக்க வேண்டும் என்று எல்லாம் சொல்லிக் கொடுத்தார். அரை மணி நேரம். அந்த அரை மணி நேரத்தில்தான் எங்கள் வீட்டில் முதல்முறையாக நம்பிக்கை என்று ஒன்று வந்தது.

ஆனால் ஒரு வட்டாரத்துக்கு ஒரே ஒரு பிசியோ, ஐயா. பக்கவாதம் வந்த பெரியவர்கள், படுத்த படுக்கையாக இருப்பவர்கள், பிறவியிலேயே குறை உள்ள குழந்தைகள், எல்லாருக்கும் அவர் ஒருவர்தான். எங்கள் முறை திரும்ப வர மூன்று வாரம், சில சமயம் ஒரு மாதம். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது, மதியச் சாப்பாட்டை வண்டியிலேயே சாப்பிட்டுவிட்டு அடுத்த ஊருக்குப் போவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். மாதம் ஒருமுறை வருவது மூட்டு வலிக்குப் போதுமோ என்னவோ, தலைக்காயத்துக்குப் போதாது. அடிபட்ட மூளை ஒரு அசைவைத் திரும்பக் கற்றுக்கொள்ள அதே அசைவைத் தினமும், திரும்பத் திரும்ப, நூற்றுக்கணக்கான தடவை செய்ய வேண்டியிருக்கிறது. நாற்காலியிலிருந்து எழுந்து உட்காருவதை மட்டுமே நாங்கள் இப்போது நாளைக்கு 60 தடவை செய்ய வைக்கிறோம். விட்டுவிட்டால் சதை சுருங்கி மூட்டு இறுகிப் போகிறது, அப்புறம் அதைத் திருப்புவது மிகவும் கஷ்டம்.

அரசு மருத்துவமனையில் பிசியோ பிரிவு இருக்கிறதே, அங்கே போகலாமே என்று கேட்பீர்கள். போகிறோம், செவ்வாயும் வெள்ளியும். 42 கிலோமீட்டர், இரண்டு பஸ். பஸ் படியில் அவனை ஏற்றுவதற்கு நான், அம்மா, இன்னொருவர் வேண்டும், அதனால் பாதி நாள் வாடகை ஆட்டோதான். போனால் 20 நிமிடம் கிடைக்கும். அங்கே கழுத்து வலி, மூட்டு வலி என்று வருபவர்களோடு ஒரே ஹாலில்தான் இவனும். ஒருநாள் கூட்டத்தையும் மெஷின் சத்தத்தையும் தாங்க முடியாமல் கத்தி, பக்கத்துக் கட்டிலில் இருந்த பெரியவரைப் பிடித்துத் தள்ளிவிட்டான். எல்லோரும் எங்களை முறைத்தார்கள். அவன் அப்படிப்பட்டவன் இல்லை, தலையில் அடிபட்டவர்களுக்குக் கோபமும் எரிச்சலும் வருவது அந்தக் காயத்தின் பகுதிதான் என்று எப்படிப் புரிய வைப்பது? தன்னால் நடக்க முடியாது என்பதே அவனுக்கு மறந்துபோய்த் திடீரென்று எழுந்து விழுவான். நேற்றுச் சொல்லிக் கொடுத்த பயிற்சி இன்று நினைவில் இருக்காது. உடம்போடு சேர்த்து ஞாபகம், பேச்சு, குணம் எல்லாம் அடிபட்ட ஒருவருக்குக் கூட்ட நெரிசலில் 20 நிமிட பிசியோ எப்படிப் பிடிபடும்? அமைதியான அறை வேண்டும், அவரைத் தெரிந்த அதே பிசியோ வேண்டும், பேச்சுப் பயிற்சியும், அன்றாட வேலைகளைத் திரும்பப் பழக்கும் கைவேலைப் பயிற்சியும் அதே இடத்தில் வேண்டும்.

இது நம் மண்ணுக்குப் புதிய யோசனை இல்லை. 1954ல் கார் விபத்தில் முதுகுத்தண்டு அடிபட்டு, சக்கர நாற்காலியில் இருந்தே அறுவை சிகிச்சை செய்த டாக்டர் மேரி வர்கீஸ், 1966லேயே வேலூரில் மறுவாழ்வு மையத்தைத் தொடங்கி வைத்துவிட்டார். நோயாளி மாதக்கணக்கில் தங்கி, கூட இருப்பவரும் கற்றுக்கொண்டு வீடு திரும்பும் முறை அங்கே இருக்கிறது. அரசுக்கும் சென்னை கே.கே. நகரில் மறுவாழ்வு மருத்துவ நிலையம் இருக்கிறது. முட்டுக்காட்டில் மத்திய அரசின் நிறுவனம் இருக்கிறது. ஆனால் விசாரிக்கும் இடத்தில் எல்லாம் எங்களுக்குச் சொல்லப்பட்ட இந்த மூன்றும் மாநிலத்தின் வடக்கு மூலையில் இருக்கின்றன. தெற்கே இருப்பவன் தலையில் தையலோடு ஒரு ராத்திரி முழுக்கப் பயணம் செய்து, அங்கே அறை எடுத்துத் தங்கி, எத்தனை நாள் தாக்குப்பிடிப்பான்? 2022ல் மட்டும் தமிழ்நாட்டில் 64,105 சாலை விபத்துகள், 17,884 பேர் இறந்தார்கள் என்பது அரசு சொல்லும் கணக்கு. பிழைத்து வீட்டுக்கு வந்து கட்டிலில் கிடப்பவர்களின் கணக்கு அந்தப் பட்டியலில் இல்லை.

அதனால் நான் கேட்பது இதுதான். ஒவ்வொரு மாவட்டத் தலைமை மருத்துவமனையிலும் அரசு மருத்துவக் கல்லூரியிலும் தலைக்காயத்துக்கென்று பத்துப் படுக்கையாவது ஒதுக்கி, பிசியோ, பேச்சுப் பயிற்சியாளர், கைவேலைப் பயிற்சியாளர் மூன்று பேரையும் அங்கே போடுங்கள். ஐசியுவிலிருந்து வெளியே வந்தவர்கள் நேராக வீட்டுக்குப் போகாமல் அங்கே சில வாரம் இருக்கட்டும். அதற்குக் கட்டிடம் கட்டவும் ஆள் எடுக்கவும் நாள் ஆகும் என்பது தெரியும். ஆனால் பெரிய செலவு இல்லாமல் நாளைக்கே செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது: டிஸ்சார்ஜுக்கு முன்னால் மூன்று நாள், தினம் அரை மணி நேரம், வீட்டில் பார்த்துக்கொள்ளப் போகிறவருக்கு வார்டிலேயே பயிற்சி கொடுத்து, அவர் செய்து காட்டிய பிறகே அனுப்ப வேண்டும் என்று ஒரு உத்தரவு. கூடவே, டிஸ்சார்ஜ் ஆகும் அன்றே அந்த வட்டாரத்து பிசியோவுக்குத் தகவல் போகட்டும். நாங்கள் இழந்த இரண்டு மாதம் வேறு யாருக்கும் போகாது.

அப்புறம், வட்டாரத்துக்கு இரண்டு பிசியோவாவது வேண்டும். தலைக்காயம் என்றால் முதல் ஆறு மாதம் வாரத்துக்கு மூன்று முறை என்று விதி வையுங்கள். தனியாரில் ஒருவர் வீட்டுக்கு வர ஒரு தடவைக்கு 500 ரூபாய் கேட்கிறார், மாதம் 25 நாள் என்றால் 12,500. தையல் மில்லில் எனக்குச் சம்பளமே 11,000. ஆபரேஷனுக்குக் கை கொடுத்த காப்பீட்டு அட்டையை பிசியோவுக்கு நீட்டியபோது வழியில்லை என்று சொல்லிவிட்டார்கள். அதையும் சேர்க்க வேண்டும்.

இன்னொன்று, இது உங்கள் துறையோடு மாற்றுத்திறனாளிகள் நலத்துறையும் பேச வேண்டியது. காலுக்கு ஸ்பிளின்ட் கேட்டுப் போனால் அடையாள அட்டை இருக்கிறதா என்றார்கள். அட்டைக்குப் போனால் ஆறு மாதம் கழித்து வாருங்கள், அதற்குள் சரியாகிவிட்டால் என்ன செய்வது என்றார்கள். பாதம் கோணிப்போகாமல் தடுக்கத்தான் ஸ்பிளின்ட், அது முதல் மாதமே வேண்டும். ஆறு மாதம் கழித்துக் கோணிய காலுக்கு அதை மாட்டவே முடியவில்லை. தற்காலிகச் சான்று ஒன்றை வைத்து முதல் மாதமே ஸ்பிளின்ட், சக்கர நாற்காலி, தண்ணீர் மெத்தை கொடுக்கலாம். 2016 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தின் 21 வகைகளில் தலைக்காயம் என்று தனியாக ஒன்று இல்லாததால், கை கால் ஓரளவு வந்தபிறகு ஞாபகமும் நிதானமும் போனவனை எந்த வகையில் சேர்ப்பது என்று அங்கேயும் குழம்புகிறார்கள். மாநில அளவில் அதற்கு ஒரு தெளிவான வழிகாட்டுதல் கொடுங்கள்.

போன வாரம் என் தம்பி துண்டைப் பிடிக்காமல், சுவரைத் தொட்டுக்கொண்டு, திண்ணையிலிருந்து முருங்கை மரம் வரை 14 அடி நடந்தான். குதிகால் இன்னும் முழுதாகப் பதியவில்லை. 'அக்கா' என்று கூப்பிடுகிறான், என் பெயர் வரவில்லை.

டிஸ்சார்ஜ் சீட்டின் நகலையும், பிசியோ பிரிவுக்குப் போன நாட்களைக் குறித்து வைத்திருக்கும் நோட்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். உங்கள் துறையிலிருந்து யாராவது நேரில் பார்க்க விரும்பினால் செவ்வாய், வெள்ளி காலை 9 மணிக்கு பிசியோ பிரிவு வாசல் பெஞ்சில் இருப்போம். அன்றைக்கு அங்கே எங்களைப் போல இன்னும் நான்கைந்து குடும்பங்களாவது இருக்கும், அவர்களிடமும் கேளுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பதிலுக்குக் காத்திருக்கும் ஒரு அக்கா