ஒரே அறையில் ஐந்து வகுப்பு

அன்பு மகளுக்கு,

ஜவ்வாது மலையில் ஆசிரியர் வேலைக்குச் சேர்ந்துவிட்டாய். குளிர் ஒத்துக்கொள்கிறதா? "ஒரே அறையில் அஞ்சு வகுப்பு, எப்படிப்பா சமாளிச்சீங்க?" என்று போனில் கேட்டாய். பதில் சொல்வதற்குள் சிக்னல் போய்விட்டது. சாவகாசமாகச் சொல்ல வேண்டிய விஷயம், அதனால் எழுதுகிறேன்.

நான் கல்வராயன் மலைக்குப் போனது எண்பதுகளின் தொடக்கத்தில். வெள்ளிமலைப் பக்கம், பஸ் போகாத ஊர். ஓராசிரியர் பள்ளி. 1976 வரை அந்த மலை ஜாகீர்தார்கள் என்ற பரம்பரைப் பிரபுக்கள் கையில் இருந்தது. பிள்ளைகளின் அப்பா அம்மாக்கள் அவர்களுக்கு அடங்கி வளர்ந்தவர்கள். பள்ளிக்கூடத்துப் படியை மிதித்த முதல் தலைமுறை என் எதிரில் உட்கார்ந்திருந்தது. அந்த நினைப்பு ஒருநாளும் என்னைவிட்டுப் போனதில்லை.

பெரிய பிள்ளைகள் கோவை இலையோடு அடுப்புக்கரியை அரைத்துக் கரும்பலகையில் தேய்ப்பார்கள். காய்ந்ததும் எழுத்து பளிச்சென்று விழும். பலகையைக் கோடு போட்டுப் பிரித்துக்கொள்வேன். ஒரு பக்கம் ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கு, இன்னொரு பக்கம் மூன்றாம் வகுப்புக்குப் பார்த்தெழுதல். ஒன்றாம் வகுப்பு திண்ணையில் மணலைப் பரப்பி விரலால் 'ட', 'ப' எழுதும். அதைப் பார்த்துக்கொள்ள ஒரு சட்டாம்பிள்ளை.

ஒருநாள் நாலாம் வகுப்புக்கு வாய்ப்பாடு கேட்டுக்கொண்டிருந்தேன். "ஏழெட்டு?" என்றேன். எல்லாரும் முழித்தார்கள். இரண்டாம் வகுப்பு வரிசையில் தம்பியை மடியில் வைத்துக்கொண்டிருந்த ஒரு பெண், சிலேட்டிலிருந்து தலையைத் தூக்காமலே "அம்பத்தாறு சார்" என்றாள். அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. தினமும் காதில் விழுந்திருக்கிறது, அவ்வளவுதான். அன்றிலிருந்து பெரிய வகுப்புப் பாடத்தைக் கொஞ்சம் உரக்கவே நடத்தினேன். இப்போது உங்களுக்கு அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் இருக்கிறது. பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்து உட்கார வைக்கிறீர்கள். நல்ல ஏற்பாடு. ஆனால் ஒரு குழு படிப்பது இன்னொரு குழுவின் காதில் விழட்டும், தடுக்காதே.

1982இல் சத்துணவு வந்தபிறகு, மதியம் வீட்டுக்குப் போனவர்கள் திரும்பாமல் போவது குறைந்தது. சாமை அறுப்பும் கடுக்காய் பொறுக்கும் காலமும்தான் பெரும்பாடு. பாதி வகுப்பு காட்டில் இருக்கும். திட்டிப் பிரயோஜனமில்லை, அது அவர்கள் வீட்டுச் சோறு. கடுக்காயையே வகுப்புக்குக் கொண்டுவரச் சொல்லி, பத்துப் பத்தாகக் கூறு வைத்துப் பெருக்கல் நடத்தினேன். கிலோ என்ன விலை, மொத்தம் எவ்வளவு என்று மனக்கணக்கும் போட்டோம். அப்புறம் ஒரு அப்பா வியாபாரியிடம் போகும்போது கணக்குப் பார்க்க மகனைக் கூட்டிப்போனார். மறுநாள் அவரே பையனைக் கொண்டுவந்து விட்டுவிட்டு, "காட்டு வேலைய நான் பாத்துக்கிறேன் சார், இவன் வரட்டும்" என்றார்.

ஒன்று மட்டும் கவனி, கண்ணு. ஒன்றாம் வகுப்பு அழும். ஐந்தாம் வகுப்பு அடுத்த பள்ளிக்குப் போயாக வேண்டும். இரண்டும் உன் நேரத்தைப் பிடுங்கிக்கொள்ளும். நடுவில் மூன்றாம் வகுப்பு சத்தமில்லாமல் உட்கார்ந்திருக்கும். வாசிக்கத் தெரியாமலே மேலே போய்விடுகிற பிள்ளைகள் அந்த வரிசையில்தான் இருப்பார்கள். தினமும் இரண்டு பேரையாவது பக்கத்தில் கூப்பிட்டு வாசிக்கச் சொல்லிக் கேள்.

அம்மா ஸ்வெட்டர் அனுப்பியிருக்கிறாள். பார்சல் வந்ததும் போன் பண்ணு. பிள்ளைகளின் பேரையெல்லாம் எழுதி அனுப்பு, எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை.

அன்புடன்,
அப்பா