அயிரை என்னும் பெயர்

அன்பு மகளுக்கு,

போன ஞாயிற்றுக்கிழமை பேரன் தொலைபேசியில், "தாத்தா, அயிரை என்றால் என்ன பொருள்?" என்று கேட்டபோது, சின்ன மீன் என்று மட்டும் சொல்லிவிட்டேன். அந்த விடை எனக்கே போதவில்லை. இதை அவனுக்கு வாசித்துக் காட்டு.

அயிர் என்றால் நுண்மணல். கண்மாயிலும் வாய்க்காலிலும் அடிமணலுக்குள் புதைந்து கிடந்து, கால் வைத்தவுடன் மறுபடியும் மணலுக்குள் நுழைந்துவிடுகிற, மணல் நிறமே கொண்ட அந்த விரல் நீள மீனுக்கு இந்தச் சொல்லிலிருந்துதான் பெயர் வந்திருக்க வேண்டும் என்று நான் நம்புகிறேன். உன் அப்பத்தா அதை அசரை என்பார்; அகராதியிலும் அந்த வடிவம் உண்டு, ஆகையால் அதைக் கொச்சை என்று ஒதுக்கிவிடாதே.

குறுந்தொகையின் 128ஆம் பாட்டில், கீழைக் கடற்கரையில் பறக்க வலுவற்று நிற்கும் முதிய நாரை ஒன்று, மேலைக் கரையில் சேரனுடைய தொண்டித் துறையில் கிடைக்கும் அயிரையை உண்ண விரும்பித் தலையை உயர்த்துவதாகப் பரணர் பாடுகிறார். எட்டாத தொலைவில் இருப்பவளை எண்ணி வருந்தும் தன் நெஞ்சுக்குத் தலைவன் சொல்லும் உவமை அது. நீ அங்கே போன பிறகு அந்தப் பாட்டை நான் பலமுறை படித்துவிட்டேன். அந்தப் பாட்டில் அயிரை கடல்துறை மீனாக வருவதால், ஒரு காலத்தில் மணலோரத்துச் சிறுமீன்கள் பலவற்றுக்கும் அந்தப் பெயர் பொதுவாக வழங்கியிருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

நம் குளத்து அயிரைக்கு 1846இல் பிரெஞ்சு விலங்கியலாளர் வலன்சியேன் இட்ட பெயரில் 'தெர்மாலிஸ்' என்னும் சொல் இருக்கிறது. வெப்பத்தைக் குறிக்கும் சொல் அது. திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியா வெந்நீர் ஊற்றுகளில் அந்த மீன் கிடைத்ததால் அந்தப் பெயர் அமைந்தது. அது கிடைத்த ஓரிடத்தை அவர் பெயராக்கினார். நம்மவர்கள் அது நாள்தோறும் வாழும் மணலைப் பெயராக்கினார்கள். தமிழ்ப் பெயரே அந்த மீனை நன்றாக அறிந்த பெயர் என்பேன்.

அயிரையை விட்டு விராலைப் பிடிப்பது என்ற பழமொழியையும் அவனுக்குச் சொல். தூண்டிலில் இரையாகக் கோக்கும் அளவுக்கு அது மலிவாகக் கிடைத்த காலத்துப் பேச்சு அது. இன்று மதுரைச் சந்தையில் விராலைக் காட்டிலும் அதற்குத்தான் விலை அதிகம்.

பொங்கலுக்கு நீங்கள் வரும்போது உயிர் அயிரை வாங்கி வைக்கிறேன். அதைப் பாலில் விட்டால் தின்ற மண்ணை எல்லாம் கக்கிவிடும். அந்த மண்ணை அவன் பார்க்க வேண்டும்.

அன்புடன்,
அப்பா