அரைப் பதிலும் நிறைந்த பெட்டியும்

அன்புள்ள நண்பருக்கு,

வணக்கம். சொந்தமாகத் தொழில் தொடங்கியபின் மின்னஞ்சலைத் திறக்கவே அச்சமாக இருக்கிறது என்றும், படிக்காத கடிதங்கள் 2,000-ஐத் தாண்டிவிட்டன என்றும் எழுதியிருந்தீர்கள். ஓராண்டுக்கு முன் என் நிலையும் அதுதான். கடிதங்களுக்கு வகைப்பெயர் இடும் லேபிள்களை உருவாக்கி, அவற்றைத் தானாகவே பிரிக்கும் ஃபில்டர்களை அமைத்து, வண்ணம் பூசி, இரண்டு ஞாயிற்றுக்கிழமைகளை அதிலேயே கழித்தேன். பெட்டி அழகாயிற்றே தவிர, கடிதங்கள் குறையவில்லை.

பிறகு ஒரு நாள், ஒரு வாடிக்கையாளருடன் நடந்த கடிதப் போக்குவரத்தை முதலிலிருந்து படித்துப் பார்த்தேன். பொருள் எப்போது வரும், முகவரியை மாற்ற முடியுமா என்று அவர் இரண்டு கேள்விகள் கேட்டிருந்தார். நான் முகவரிக்கு மட்டும் பதில் எழுதியிருந்தேன். அவர் மீண்டும் கேட்டார். "விரைவில் வரும்" என்றேன். விரைவில் என்றால் எப்போது என்றார். "இந்த வாரம்" என்றேன். எந்தக் கிழமை என்று கேட்ட பிறகே தேதியைச் சொன்னேன். அவர் நன்றி சொன்னதையும் சேர்த்து ஒன்பது கடிதங்கள். முதல் பதிலை முழுதாக எழுதியிருந்தால் மூன்றோடு முடிந்திருக்கும். என் பெட்டியை நிரப்பிக்கொண்டிருந்தவன் நானேதான் என்பது அன்றைக்குத்தான் உறைத்தது.

அந்நாள்களில் நான் எழுதிய பதில் ஒன்றைப் பாருங்கள்: "தங்கள் மின்னஞ்சல் கிடைக்கப்பெற்றோம். தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். உரிய நடவடிக்கை எடுக்கப்படும்." யார் எடுப்பார், எப்போது எடுப்பார் என்பதற்கு இதில் விடையே இல்லை. 'எடுக்கப்படும்', 'பரிசீலிக்கப்படும்' ஆகிய சொற்களுக்குப் பின்னால் ஆள் ஒளிந்துகொள்ள நல்ல இடமுண்டு. வாடிக்கையாளர் அதை உடனே கண்டுகொள்கிறார். இப்போது இப்படி எழுதுகிறேன்: "உங்கள் பொருள் வியாழக்கிழமை மாலைக்குள் வந்து சேரும். புதிய முகவரியைப் பதிந்துவிட்டேன். வியாழன் இரவு வரை வரவில்லையென்றால் இந்தக் கடிதத்துக்கே பதில் போடுங்கள், நானே கவனிக்கிறேன்." கேட்டதற்கு விடை முதல் வரியிலேயே இருக்கிறது, அடுத்து அவர் கேட்கக்கூடியதற்கும் விடை இருக்கிறது. விடை இன்னும் கையில் இல்லையென்றால், அது எந்த நாளில் கிடைக்கும் என்பதையாவது எழுதிவிடுகிறேன்.

தலைப்பு வரியையும் அலட்சியம் செய்யாதீர்கள். கைபேசித் திரையில் முதல் சில சொற்களே தெரியும் என்பதால், 'விவரம்' என்று எழுதுவதும் ஒன்றும் எழுதாமல் விடுவதும் ஒன்றுதான். ஆனால் பதில் எழுதும்போது நடுவில் தலைப்பை மாற்றினால், ஜிமெயில் அதைத் தனி உரையாடலாகப் பிரித்துவிடும். பிறகு தேடி அலைய வேண்டியதுதான்.

டெம்ப்ளேட், அதாவது முன்கூட்டியே எழுதிய மாதிரிப் பதில், வைத்துக்கொள்வதில் தவறில்லை. எனினும் ஒருமுறை ஒருவருக்குரிய பெயரோடு இன்னொருவருக்கு அனுப்பி மானம் போனபின், பெயர் வர வேண்டிய இடத்தில் ஐந்து நட்சத்திரக் குறிகளைப் போட்டு வைத்திருக்கிறேன். கண்ணில் குத்தாமல் போகாது. ஜிமெயில் அமைப்புகளில், அனுப்பியதைத் திரும்பப் பெறும் அவகாசத்தையும் 5 வினாடியிலிருந்து 30 வினாடிக்கு மாற்றிவிட்டேன். கோபமான கடிதத்துக்கு அந்த 30 வினாடியும் போதாது. அத்தகைய பதிலை எழுதி முடிக்கும்வரை பெறுநர் இடத்தை வெறுமையாகவே விட்டுவைக்கிறேன். பலருக்கு ஒரே செய்தியை அனுப்புவதானால் முகவரிகளைப் பிசிசியில் (BCC, பெறுநர்கள் ஒருவர் முகவரியை மற்றவர் பார்க்க முடியாத இடம்) இடுங்கள்; ஒரு வாடிக்கையாளரின் முகவரியை இன்னொருவருக்குக் காட்ட நமக்கு உரிமையில்லை.

பெட்டியைப் பொறுத்தவரை, நாளுக்கு மூன்று முறைதான் திறக்கிறேன். உடனே முடிகிறதற்கு உடனே பதில். மற்றதை உரிய நாளில் மீண்டும் மேலே வரும்படி ஸ்னூஸ் செய்துவிடுகிறேன். உங்கள் 2,000 கடிதங்களில் வாடிக்கையாளர்களுடையதை மட்டும் தேடிப் பிரித்துக்கொண்டு, ஒரு மாதத்துக்கு முந்தைய மற்றவற்றை ஆர்க்கைவ் செய்துவிடுங்கள், அதாவது அழிக்காமல் பெட்டியிலிருந்து விலக்கி வையுங்கள். அழிக்க வேண்டாம், குப்பைக்குப் போனவை 30 நாளில் மறைந்துவிடும், ஆர்க்கைவில் உள்ளவை தேடினால் கிடைக்கும்.

உங்கள் பெட்டியில் மிக நீளமான உரையாடல் ஒன்றை எடுத்து, அதில் நீங்கள் எழுதிய முதல் பதிலை, வாடிக்கையாளரின் பெயரை நீக்கிவிட்டு எனக்கு அனுப்புங்கள். அது எந்த இடத்தில் அரைகுறையாக நின்றது என்று சேர்ந்து பார்ப்போம்.

அன்புடன்,
உங்கள் பழைய நண்பன்