ஒன்று வர வேண்டிய இடத்தில் இரண்டு

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமை கிடைத்தது. இடுப்பு வலி குறைந்து நடமாடுகிறாய் என்று படித்த பிறகுதான் நிம்மதி. பேத்திக்குப் பல் முளைத்த சேதியை வீட்டில் இரண்டு தடவை வாசிக்கச் சொன்னார்கள்.

சரி, நீ கோபத்தோடு கேட்டதற்கு வருகிறேன். ஓய்வுப் பணத்தில் ஒரு பங்கை டெபாசிட்டில் போட்டு, வட்டியை நாம் படித்த வேதியியல் துறைக்கு எழுதி வைக்கப் போகிறேன் என்றேன். “எதற்கும் உதவாத ஆராய்ச்சிக்கா? ஆஸ்பத்திரிக்குக் கொடுத்தால் நாலு பேர் பிழைப்பார்களே” என்று எழுதியிருந்தாய். நியாயமான கேள்விதான்.

31 வருஷம் மருந்து கம்பெனியில் என்.எம்.ஆர். கருவிக்கு முன்னால் உட்கார்ந்து சம்பாதித்தவன் நான். ஒரு பொருளில் என்னென்ன இருக்கிறது என்று காந்தத்தின் உதவியால் காட்டிக்கொடுக்கிற கருவி அது. பென்சில் போல மெல்லிய கண்ணாடிக் குழாயில் சாம்பிளைக் கரைத்து, மூடி போட்டு, விரல் ரேகை இல்லாமல் துடைத்து, காந்தத்துக்குள் இறக்குவேன். காகிதத்தில் கோடு மேலும் கீழும் ஓடும். இருக்கக் கூடாத இடத்தில் குட்டியாக ஒரு பீக், அதாவது கோட்டில் ஒரு மேடு, எட்டிப் பார்த்தால் மருந்தில் மாசு என்று அர்த்தம், அந்த பேட்ச் அங்கேயே நின்றுவிடும். அந்தக் குட்டிப் பீக்கை நம்பித்தான் என் வீட்டில் உலை கொதித்தது.

அந்தக் கருவி எங்கிருந்து வந்தது தெரியுமா? 1946-இல் ஃபெலிக்ஸ் பிளாக்கும் எட்வர்ட் பர்செலும் தனித்தனியாக அதற்கு அடிபோட்டார்கள். அணுக்கருவின் காந்தத் தன்மையை அளக்க வேண்டும் என்பதுதான் ஆசை, மருந்து தயாரிப்பதெல்லாம் அவர்கள் நினைப்பிலேயே இல்லை. 1952-இல் இருவருக்கும் இயற்பியல் நோபல் கிடைத்தது.

ஆனால் எனக்குப் பிடித்த கதை 1950-இல் நடந்தது. ஸ்டான்ஃபோர்டில் பிராக்டர், யூ என்ற இருவர் நைட்ரஜனை அளக்க அம்மோனியம் நைட்ரேட்டைத் தண்ணீரில் கரைத்து வைத்தார்கள். உரத்தில் போடுகிற அதே உப்புதான். ஒரு பீக் வர வேண்டும், இரண்டு வந்தன. இயற்பியல்காரர்களுக்கு அது தொல்லை. காரணம் இதுதான்: அந்த உப்பில் ஹைட்ரஜன் சூழ்ந்த நைட்ரஜன் ஓரிடத்திலும், ஆக்சிஜன் சூழ்ந்த நைட்ரஜன் வேறிடத்திலும் தெரிகிறது. பக்கத்து வீட்டில் யார் குடியிருக்கிறார்கள் என்று அணுவே சொல்லிக்கொடுக்கிறது! வேதியியல்காரனுக்கு இதைவிட என்ன வேண்டும்? அடுத்த வருஷமே அங்கே அர்னால்ட், தர்மத்தி, பேக்கார்ட் மூவரும் எத்தனாலில், அதுதான் சாராயத்தில் இருக்கிற ஆல்கஹால், மூன்று பீக் பார்த்துவிட்டார்கள், 3 ஹைட்ரஜனுக்கு ஒன்று, 2-க்கு ஒன்று, 1-க்கு ஒன்று என்று. இந்த தர்மத்தி நம் நாட்டுக்காரர். பிறகு பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் என்.எம்.ஆர். ஆராய்ச்சியைத் தொடங்கி வைத்தவர்.

ஆஸ்பத்திரி என்றாயே. போன மாதம் உன் இடுப்பைப் படம் பிடித்த எம்.ஆர்.ஐ.யும் இதே வழியில் வந்ததுதான். உன் உடம்புத் தண்ணீரில் இருக்கிற ஹைட்ரஜன்தான் அந்தப் படத்தை வரைந்தது. 1973-இல் லாட்டர்பர் என்ற வேதியியலாளர் வெளியிட்ட முதல் படத்தில் இருந்தது தண்ணீர் நிரப்பிய இரண்டு மெல்லிய குழாய்கள், அவ்வளவுதான்.

அப்புறம் இன்னொன்று, உன்னிடம் இதுவரை சொல்லாதது. வேலையில் இருந்தபோது ஒரு மாசு மழைக்காலத்து பேட்சுகளில் மட்டும் ஏன் தலைகாட்டுகிறது என்று பார்க்க இரண்டு வாரம் கேட்டேன். “வடிகட்டித் தள்ளினால் போதும், காரணம் எதற்கு?” என்று மேலிடத்தில் சொல்லிவிட்டார்கள். கம்பெனிக் கணக்கில் அது சரிதான். ஆனாலும் அந்தக் கேள்வி இன்னும் எனக்குள் கிடக்கிறது. அப்படி ஒரு கேள்வியோடு வருகிற பிள்ளைக்கு அந்த இரண்டு வாரம் கிடைக்க வேண்டும். அதனால்தான் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன்: விண்ணப்பத்தில் ‘இதனால் என்ன பயன்’ என்ற கட்டம் இருக்கக் கூடாது.

அடுத்த மாதம் 14-ஆம் தேதி பத்திரம் எழுதுகிறோம். சாட்சிக் கையெழுத்து நீதான் போட வேண்டும். பஸ்ஸில் ஏறி இடுப்பைக் கெடுத்துக்கொள்ளாதே, கார் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உன் பழைய லேப் கூட்டாளி