மயானப் பணியை முறையான பணியிடமாக்குக: ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டின் நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி நிர்வாகப் பொறுப்பிலுள்ள அலுவலர்களுக்கும் மன்ற உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

தகப்பனாருக்குப் பின் மயானப் பணிக்கு வந்து, முதலில் விறகுச் சிதையிலும் பிறகு எரிவாயுத் தகன மேடையிலுமாக உழைத்து முடித்து, இவ்வாண்டு விலகுகிறேன். எனக்கு அடுத்து அந்த இடத்தில் நிற்கப்போகிறவருக்காகவே இதை எழுதுகிறேன்.

ஓர் உடலை எரிக்க 400 முதல் 500 கிலோ வரை விறகு வேண்டும் என்பது பலரும் அறிந்தது. அடியில் எந்தக் கட்டையை இடுவது, மார்பின்மேல் எவ்வளவு பாரம் வைப்பது, காற்று திரும்பினால் என்ன செய்வது என்பதெல்லாம் பல காலம் நின்று பார்த்தவருக்கே பிடிபடும். மார்புப் பகுதியும் இடுப்பெலும்பும் கடைசியில்தான் வேகும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் ஈர விறகோடு போராடி விடியும்வரை சிதையருகே இருந்தாக வேண்டும். எரிவாயு உலை வந்தபின் நேரம் வெகுவாகக் குறைந்தது, கவனம் குறையவில்லை. இறந்தவரின் உடலில், இதயத் துடிப்பைச் சீராக்கப் பொருத்தும் பேஸ்மேக்கர் கருவி இருந்தால் தகனத்துக்கு முன்பே அதை மருத்துவரைக் கொண்டு அகற்றிவிட வேண்டும். இல்லையேல் அதன் மின்கலம் வெப்பத்தில் வெடிக்கும். பயிற்சி என்று எதுவும் தரப்படாததால், உலைக்குள் ஒருநாள் கேட்ட சத்தத்திலிருந்துதான் இதை நான் தெரிந்துகொண்டேன். அடுத்தடுத்து உடல்கள் வரும் நாளில், முந்தையவரின் அஸ்தியைத் துணுக்கும் மிச்சமில்லாமல் வழித்தெடுத்த பிறகே அடுத்தவரை உள்ளே அனுப்ப வேண்டும். மகன் வாங்கிச் செல்லும் கலயத்தில் இருப்பது அவன் தாயின் அஸ்திதான் என்பதற்கு எங்கள் நாணயத்தைத் தவிர வேறு சாட்சி கிடையாது.

பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டம், 1969-இன் 10-ஆம் பிரிவு, இறப்பைப் பதிவாளருக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர்களுள் மயானத்தைப் பராமரிப்பவரையும் சேர்த்திருக்கிறது. சந்தேகத்துக்குரிய மரணம் என்றால், காவல்துறையின் கடிதம் வரும்வரை தீ மூட்ட மறுத்து, கூடியிருப்போரின் வசவை வாங்கிக்கொள்பவரும் அவரே. இத்தனை பொறுப்பைச் சுமப்பவர்களுக்குப் பல ஊர்களில் பணி ஆணையும் இல்லை, மாத ஊதியமும் இல்லை.

எங்கள் வருமானம் நெற்றிக்காசும் வாய்க்கரிசியும் வீட்டார் விருப்பப்பட்டுத் தருவதுமாகவே தலைமுறைகளாக இருந்து வந்தது. பெற்றவரைப் பறிகொடுத்து நிற்பவரிடம் தொகையைச் சொல்லிக் கேட்க நேரும்போது நாக்கு கூசும். கேட்காமல் விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. கொடுப்பவருக்கோ, துக்க நேரத்தில் பறிக்கிறார்கள் என்ற மனத்தாங்கல் ஆண்டுக்கணக்கில் ஆறாது. இரு தரப்பையும் ஒருங்கே சிறுமைப்படுத்தும் இந்தப் பேரம், நிர்வாகம் ஊதியம் தரும் நாளில் தானாக நின்றுவிடும். இலவசத் தகனம் என்று பலகை வைத்துவிட்டு, தீ மூட்டுபவரின் கூலியை மட்டும் வீட்டார் தலையில் விடும் வழக்கத்தைத் தாங்கள் முதலில் ஒழிக்க வேண்டும்.

2020-லும் 2021-லும் கொரோனாவால் இறந்தவர்களை உறைகளில் கட்டி அனுப்பியபோது, உறவினர் தொலைவில் நிறுத்தப்பட, அவர்கள் சார்பில் கற்பூரம் ஏற்றியவர்களும் நாங்கள்தாம். உலைச் சூட்டில் பாதுகாப்பு உடையணிந்து நின்ற அந்த மாதங்களை நினைத்தால் இன்றும் நெஞ்சு அடைக்கிறது.

இப்பணி பிறப்பால் இறங்கி வருவதாக இனியும் இருக்கலாகாது. வாணியம்பாடி அருகே 2019 ஆகஸ்டில், மயானத்துக்குப் பாதை மறுக்கப்பட்டதால் தலித் ஒருவரின் உடலைப் பாலத்திலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சாதி வேறுபாடற்ற மயானங்களைக் கொண்ட கிராமங்களுக்கு அரசு 10 லட்சம் ரூபாய் ஊக்கத்தொகை அறிவித்தது நல்ல செயல். ஆனால் மயானம் பொதுவான பிறகும், அங்கே தீ மூட்டுவது ஒரே சாதியின் கடமையாகத் தொடர்ந்தால் வேறுபாடு எங்கே ஒழிந்தது? சென்னை வேலங்காடு மயானத்தைப் பெண்கள் நிர்வகித்துக் காட்டியிருக்கிறார்கள். தகுதியும் மனமும் உள்ள எவரும் விண்ணப்பிக்கும்படி, ஊதியம், காப்பீடு, மருத்துவப் பரிசோதனை, ஓய்வூதியம் ஆகியவற்றுடன் இதை அறிவிக்கப்பட்ட பணியிடமாக்குங்கள்.

அடுத்த மன்றக் கூட்டத்தின் பொருள் நிரலில் இக்கோரிக்கையைச் சேர்க்க வேண்டுகிறேன். புதிதாக வருபவருக்கு உலையையும் சிதையையும் கற்பிக்க ஆள் தேவைப்பட்டால் நான் வருகிறேன். அதற்கு ஊதியம் எதுவும் வேண்டாம்.

இப்படிக்கு,
பணியிலிருந்து விலகும் மயானப் பணியாளர்