டென்மார்க்கிலிருந்து ஒரு தபால்

ஹெர்னிங், டென்மார்க்
5 டிசம்பர் 2025

அன்புள்ள அப்பாவுக்கு,

நான் சௌக்கியம். தினமும் வீடியோ காலில்தான் முகம் பார்க்கிறோமே, இப்போது எதற்குக் கடிதம் என்று அம்மா கேட்பாள். காரணம் இருக்கிறது. இந்த நாட்டின் தபால் நிறுவனம் டிசம்பர் 30-ஆம் தேதியோடு கடிதப் பட்டுவாடாவை நிறுத்துகிறது. இனி பார்சல் மட்டும்தான். 1624-இல் ராஜா காலத்தில் தொடங்கியது, 401 வருஷம் ஓடியிருக்கிறது. தபால்காரராக முப்பத்துநாலு வருஷம் சைக்கிளில் பீட் சுற்றிய உங்களுக்கு, அது நிற்பதற்குள் இங்கிருந்து ஒரு கடிதமாவது போட்டுவிட வேண்டும் என்று தோன்றியது.

எங்கள் தெருமுனைப் பெட்டியைக் கோடையிலேயே கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நம்மூர்ப் பெட்டி மாதிரியே சிவப்பு. இதை சூப்பர்மார்க்கெட்டில் இருக்கும் தபால் கவுண்டரில் கொடுக்கப் போகிறேன்.

2000-ஆம் ஆண்டில் இங்கே 140 கோடி கடிதங்கள் போனதாம். போன வருஷம் 11 கோடி. ஜனங்கள் எழுதுவதை விட்டார்கள் என்பது பாதிதான். 2014 நவம்பரிலிருந்து, விலக்கு வாங்கியவர்கள் தவிர, 15 வயதும் அதற்கு மேலும் ஆன எல்லோருக்கும் அரசாங்கக் கடிதம் 'டிஜிட்டல் போஸ்ட்' என்ற இணையப் பெட்டிக்குத்தான் வருகிறது. போன வருஷம் வந்த புதுச் சட்டத்தில் தபாலுக்கு இருந்த வரிச்சலுகையும் போனது. உள்நாட்டுச் சாதாரணக் கடிதத்துக்கே 29 குரோனர், நம் காசில் 400 ரூபாய். 400 ரூபாய் கொடுத்து யார் நலம் விசாரிப்பார்கள், சொல்லுங்கள். இனிக் கடிதம் எடுத்துப் போக ஒரு தனியார் கம்பெனி இருக்கிறது. ஆனால் நம்மை அரசாங்கம் எட்டுகிற வழி போன்தான்.

வந்த புதிதில் இதில் ஒரு தடவை நன்றாக மாட்டிக்கொண்டேன். முதுகுவலிக்கு ஒரு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்க நாள் கொடுத்து அந்தப் பெட்டிக்கு அனுப்பியிருக்கிறார்கள். எனக்குத் தெரியவே இல்லை. போனில் கேட்டால், "அனுப்பியாயிற்றே" என்கிறார்கள். பெட்டியில் விழுந்தாலே நம் கைக்கு வந்ததாகச் சட்டக் கணக்கு. திறந்தோமா இல்லையா என்பது நம் பாடு. மறுபடி மூன்று மாதம் காத்திருந்தேன். நீங்கள் பதிவுத் தபாலோடு உச்சி வெயிலில் யார் யார் வீட்டுத் திண்ணையிலோ காத்துக் கிடந்தது ஞாபகம் வந்தது. கையெழுத்து விழாமல் ஒப்புகை அட்டை திரும்பாது உங்களிடம். அந்தப் பதிவுத் தபாலையே இந்த வருஷம் ஸ்பீட் போஸ்ட்டோடு சேர்த்துவிட்டார்கள் என்று போனில் நீங்கள் சொன்னபோது குரல் ஒரு மாதிரி இருந்தது.

குறை மட்டும் சொல்லக் கூடாது. வரிக் கணக்கை அவர்களே போட்டு மார்ச்சில் அனுப்பிவிடுகிறார்கள். டாக்டர் எழுதும் மருந்து எந்த மருந்துக்கடையிலும் கம்ப்யூட்டரில் தயாராக இருக்கிறது. எல்லாவற்றுக்கும், நாம்தான் என்று காட்ட மித்ஐடி என்று ஒரு ஆப், விரலால் ஒரு தள்ளு. அந்தத் தள்ளு வராதவர்கள் பாடுதான் திண்டாட்டம்.

எதிர்வீட்டில் ஒரு யாழ்ப்பாணத்து ஆச்சி இருக்கிறார். எண்பதுகளில் சண்டைக்குப் பயந்து வந்தவர்கள். டிஜிட்டல் போஸ்ட் வேண்டாம் என்று விலக்கு வாங்கியிருப்பதால் அவருக்கு இன்னும் காகிதம் வருகிறது. உறையைப் பிரிக்காமல் எடுத்துக்கொண்டு வந்துவிடுவார். "பிள்ளை, கவுண்மேந்து என்ன எழுதியிருக்கு, ஒருக்கா பார்த்துச் சொல்லும்." நானும் அரைகுறை டேனிஷில் படித்துச் சொல்வேன். உங்கள் பீட்டில் எழுதப் படிக்கத் தெரியாத பாட்டிகளுக்கு நீங்கள் துபாய்க் கடிதம் படித்துக் காட்டியது மாதிரிதான். என்ன, எனக்கு மோர் கிடைப்பதில்லை, வடை கிடைக்கிறது.

நவம்பரில் பென்ஷனுக்கான உயிர்ச் சான்றுக்குப் போனபோது உங்கள் கைரேகை விழவே இல்லை என்று அம்மா சொன்னாள். எத்தனை வருஷம் கட்டுக் கட்டாகக் கடிதம் பிரித்த விரல், தேயாமல் என்ன செய்யும்! அடுத்த வருஷம் முதலிலேயே முகத்தை வைத்துப் பதியச் சொல்லுங்கள், போனிலேயே முடிந்துவிடும். தம்பியைச் செய்து தரச் சொல்கிறேன். அவனிடம் சண்டை போடாதீர்கள்.

உறையில் நிஜத் தபால்தலைதான் ஒட்டுகிறேன். அதைக் கிழித்துவிடாமல் உறையோடு எடுத்து வையுங்கள். முத்திரை தெளிவாக விழுந்திருக்கிறதா, எத்தனை நாளில் வந்தது, நம்மூரில் யார் பட்டுவாடா செய்தார் என்று ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்லுங்கள்.

உங்கள் அன்பு மகள்